கை நுழையும் அகலம்

அந்த மஞ்சள் சட்டையை வேலைக்குப் போட்டுக்கொண்டு போயிருக்கக் கூடாது. காலையில் கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடியிருந்தேன். மேற்பார்வை பார்க்கும் கண்ணாடியம்மா என் மேசையருகே நின்று, என் விலாவோரத் தையலை இரண்டு விரலால் தடவிப் பார்த்தாள்.

எங்கள் கிடங்குக்கு வருவதெல்லாம் ஆன்லைனில் வாங்கி, பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பிய துணிகள். பாதிக்கு மேல் யார் உடம்பிலும் படாதவை. பிரித்துப் பார்த்து, தேய்த்து, மறுபடி விற்கும் செலவுக்குப் புதிதாகவே தைத்துவிடலாமாம். அதனால் வெட்டுகிறோம். யாரும் உடுத்த முடியாதபடி ஒரு வெட்டு, பிறகு லாரி, பிறகு சூளை. பின்பக்க ஜன்னலில் சூளைப் புகை தெரியும். சில நாள் அதற்கு லேசாக ஒரு நிறம்கூட இருக்கும். முதல் வாரம் கை கூசியது. இப்போது கூசுவதில்லை. குட்டிக் கவுன்களை வெட்டும்போதும் மத்தியானம் என்ன சாப்பிடலாம் என்றுதான் ஓடும்.

வெட்டிய துணியில் இரண்டை வீடு துடைக்க எடுத்துப் போகலாம், அதற்கு மட்டும் அனுமதி உண்டு.

அக்கா கிழிசல் தைத்து, அளவு பிடித்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தாள். உங்கள் கூலிக்குப் புதுசே வாங்கிவிடலாமே என்று வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். கடையை மூடியபின் அக்கா சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், குளி என்றால் குளிப்பாள். ஒருநாள் நான் கொண்டுபோன துணியில் கத்தி தற்செயலாகத் தையல் வழியே போய், துணி அறுபடாமல் தையல் மட்டும் பிரிந்திருந்தது. தரை துடைக்க எடுத்தவள் அதை உதறிப் பார்த்துக்கொண்டே நின்றாள். கொஞ்ச நேரத்தில் மெஷின் சத்தம் கேட்டது. அடுப்படியில் நான் அசையாமல் நின்றேன், அசைந்தால் நின்றுவிடுமோ என்று. அன்றிலிருந்து வீட்டுக்கு எடுக்கும் இரண்டைத் தையல் வழியேதான் வெட்டினேன்.

"போன வாரம் நீ வெட்டினதுதானே இது?" என்றாள் கண்ணாடியம்மா.

"ஆமா மேடம்."

"யாரு தைச்சா?"

"அக்கா."

"கை வெச்ச எடமே தெரியல. உங்கக்கா கொஞ்சம் மோசமா தைச்சிருந்தா ஏதோ பழைய கிழிசல்னு விட்டிருப்பேன், நீ தப்பிச்சிருப்ப." குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. "மேல தெரிஞ்சா உன்னோட நானும் வீட்டுக்குப் போகணும். இனிமே நடுவுல வெட்டு. என் கண்ணு முன்னால."

நீலக் கவுன் ஒன்றை விரித்து வயிற்றின் குறுக்கே வெட்டினேன். நேராகத்தான் போனது. மாலையில் அதையே எடுத்துப்போனேன். வேறு எடுக்கத் தோன்றவில்லை.

அக்கா மெஷின் முன்னால் காத்திருந்தாள். கவுனை வாங்கித் திருப்பினாள், மறுபடி திருப்பினாள். நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் சுவர்ப்பக்கம் போவதை எதிர்பார்த்து நின்றேன். எனக்கு அழுகைகூட வரவில்லை.

"லைட்டைப் போடுடி," என்றாள்.

போட்டேன். வெட்டுக்குள் கையை விட்டாள். உள்ளங்கை முழுக்க உள்ளே போய், அந்தப்பக்கம் விரல்களாக அசைந்தது.

"இதுலயே பாக்கெட் பை வைக்கலாம்," என்றாள். கொஞ்சம் கழித்து, "இன்னும் ஒரு விரக்கடை குறைச்சு வெட்டியிருக்கலாம் நீ. எருமை நுழையிற மாதிரி வெட்டியிருக்க."

மறுநாள் கண்ணாடியம்மா என் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். முதல் துணி பச்சைக் கவுன். பிரித்த பிளாஸ்டிக் உறையின் வாசனை அடித்தது. மடிப்பை நீவிவிட்டு, இடது கையை விரல் சேர்த்து அதன் வயிற்றின்மேல் பதித்து வைத்தேன். சுண்டுவிரல் ஓரத்தில் கத்தியை ஊன்றினேன். கண்ணாடியம்மா என் கையைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள்.

கத்தியைக் கட்டைவிரல் வரைக்கும் இழுத்தேன்.