முருங்கை இலை தின்ற இறால்கள்

துறைத்தலைவர் சாரங்கபாணி ஆய்வகத்துக்குள் நுழைந்தாலே ஹுமைராவின் முகம் சுருங்கிவிடும். வேலை பார்ப்பவர் மாதிரி வரமாட்டார். கல்யாண வீட்டுக்கு வருகிறவர் மாதிரி வருவார். மடிப்புக் கலையாத சட்டை, சென்ட் வாசனை. தொட்டித் தண்ணீரில் ஒரு விரலைக்கூட நனைத்தறியாத மனிதர், தொட்டிகளுக்கு முன்னால் நின்று படம் மட்டும் தவறாமல் எடுத்துக்கொள்வார். கும்பகோணம் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துவந்த ஹுமைரா, இப்படிப்பட்ட ஒருவருக்குக் கீழே வேலை பார்ப்பதை மழைக்காலத்துச் சளியைப் போலச் சகித்துக்கொண்டிருந்தாள்.

குடமுருட்டி ஆற்றிலிருந்து கொண்டுவந்த கூனி இறால்கள் அவளுடையவை. விரல் நகத்தைவிடச் சற்றே நீளம், கண்ணாடி போன்ற உடம்பு, உள்ளே தின்றது தெரியும். வயலில் அடிக்கும் பூச்சிமருந்து வாய்க்கால் வழியாக ஆற்றில் கலக்கும்போது முதலில் சாவது இவைதான். விஷத்துக்கு மருந்து என்று பெயர் வைத்த ஊரில் இதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள் என்ற எரிச்சலில்தான் அவள் ஆய்வையே தொடங்கினாள். முருங்கை இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, இரையில் பிசைந்து, ஒரு பகுதி இறால்களுக்கு மட்டும் வாரக்கணக்கில் கொடுத்தாள். பிறகு எல்லாத் தொட்டிகளிலும் மிகக் கொஞ்சமாக மருந்தைக் கலந்தாள். முருங்கை தின்றவை அதிகம் பிழைத்தன. அவற்றின் செவுள்கள் அவ்வளவாகச் சிதையவில்லை. விஷம் உடம்புக்குள் செய்கிற நாசத்தை இலையிலிருந்த ஆன்டி-ஆக்சிடன்ட்கள் மட்டுப்படுத்தியிருந்தன.

மருந்தின் அளவை வயலில் அடிக்கிற அளவுக்கு நெருக்கமாகக் கொண்டுபோனபோது, முருங்கை தின்றவையும் தின்னாதவையும் ஒன்றாகச் செத்தன. இரண்டையும் அவள் அறிக்கையில் எழுதியிருந்தாள். சாரங்கபாணி முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டார்.

"ஹுமைரா, பெரிய விஷயம்மா இது! விஷமுறிவு! நாகேஸ்வரன் சார்கிட்ட பேசிட்டேன். பாபநாசத்துல மண்டபம் புடிச்சு விவசாயிகளுக்குக் காட்டப்போறோம்."

"எந்த நாகேஸ்வரன் சார்? உரக்கடைக்காரரா?"

"கடைக்காரர்னு சொல்லாத. தொழிலதிபர்."

"சார், அதிக அளவு போட்டா எல்லாமே செத்துடும். ரெண்டாவது பக்கத்துல எழுதியிருக்கேன்."

"நெகட்டிவாவே யோசிக்கிறே பாரு" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். இரண்டாம் பக்கத்தைப் புரட்டக்கூட வலு இல்லாத விரல்கள், அவற்றில் எத்தனை மோதிரங்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

குறுவை நடவு முடிந்திருந்த நேரம். மண்டப வாசலில் நாகேஸ்வரன் கை கூப்பி நிற்கும் பேனர், ஆளைவிடப் பெரிதாக. உள்ளே மேஜைமேல் பச்சை பாட்டில்கள் அடுக்கியிருந்தன. முருங்கைச் சாறாம். மருந்தடித்த பிறகு வாய்க்காலில் ஊற்றினால் மீனும் இறாலும் பிழைத்துக்கொள்ளுமாம். 

"மருந்தும் நம்மகிட்ட, மருந்துக்கு மருந்தும் நம்மகிட்ட" என்றார் நாகேஸ்வரன், தானே வியந்துபோனவராக. ஓடுகிற தண்ணீரில் ஊற்றிய சாறு இறாலின் வயிற்றுக்குள் எப்படிப் போகும் என்று கேட்க ஹுமைரா வாயைத் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும், கேட்டு என்ன ஆகப்போகிறது என்று மூடிக்கொண்டாள்.

மேடையில் இரண்டு கண்ணாடித் தொட்டிகள். ஒன்றில் சாதாரண இறால்கள். இன்னொன்றில் அவள் கையாலேயே முருங்கைப் பொடி தின்று வளர்ந்தவை. பக்கத்தில் இரண்டு சிறிய குப்பிகள், இரண்டிலும் பால் நிறத்தில் ஏதோ இருந்தது. தண்ணீரில் கலந்தால் அந்த மருந்து அப்படித்தான் வெளுக்கும். பழக்கத்தில் ஒன்றின் மூடியைத் திறந்து தூரத்திலிருந்தே முகர்ந்தாள். மருந்து நெடி மூக்கில் ஏறியது. இன்னொன்றில் அந்த நெடியே இல்லை. பாக்கெட் பால் வாசனை அடித்தது.

"சார், இது பால்."

சாரங்கபாணி அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "சத்தம் போடாத. விளக்கத்துக்குத்தான். சினிமாவுல நிஜமாவா சுடுறாங்க? முருங்கைத் தொட்டிக்கு அந்தக் குப்பி. நீதான் ஊத்தணும். பெண் விஞ்ஞானின்னா பார்க்க நல்லா இருக்கும்."

பலி ஆட்டுக்குப் பொட்டு வைக்கிறவர் மாதிரி அவள் தோளைத் தட்டினார். திருட்டைக்கூட இவ்வளவு மட்டமாகச் செய்ய வேண்டுமா? இதற்குத்தான் முனைவர் பட்டமா? ஹுமைரா தலையை ஆட்டிவிட்டு மேடையேறினாள்.

கூட்டத்துக்குத் தெரியட்டும் என்று பின்னால் பெரிய திரை கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு இறாலும் அதில் ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. ஹுமைரா முதல் தொட்டியில் நிஜ மருந்தைப் பாதி ஊற்றினாள். மீதியை முருங்கை தின்றவை இருந்த தொட்டியில் ஊற்றினாள். சாரங்கபாணி ஒலிபெருக்கியில் ஆன்டி-ஆக்சிடன்ட் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், எதையும் கவனிக்கவில்லை.

இறால்கள் முதலில் விருட்டென்று பாய்ந்தன, கண்ணாடியில் மோதின. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து, கால்கள் மட்டும் துடிக்க, அடியில் போய்ப் படிந்தன. இரண்டு தொட்டிகளிலும். திரையில் அந்தக் கால்கள் தென்னங்கீற்றுபோல நடுங்கின. முன்வரிசையில் யாரோ சிரித்தார். சிரிப்பு பின்வரிசை வரைக்கும் போயிற்று.

"பயணக் களைப்பு… இறால்களுக்குப் பயணக் களைப்பு" என்றார் சாரங்கபாணி.

ஹுமைராவுக்கு அந்தச் சிரிப்பு இனித்திருக்க வேண்டும். இனிக்கவில்லை. முருங்கைப் பொடி தூவப் போனால் அவள் கை நிழலைக் கண்டே மேலே வருபவை அவை. ஒரு முட்டாளை முட்டாள் என்று காட்டுவதற்காக அவற்றைக் கொன்றது தன் கைதான். 'இது பால்' என்று ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லக்கூட அந்த விவசாயிகளை மதிக்காத தன் திமிரும் அந்தத் தொட்டியின் அடியில் கிடப்பதாகப் பட்டது.

கூட்டம் சாப்பாட்டுப் பந்திக்கு நகர்ந்தது. ஒரு பெண்மணி மட்டும் மேடையை நோக்கி வந்தாள். கையில் போன். இவளும் படம் எடுக்கத்தான் வருகிறாள் என்று ஹுமைரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மேடம், என் பேரு செம்மொழி. குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் பண்றேன். கடைசி மடையில மீன் குட்டை வச்சிருக்கேன். மேல் வயல்காரங்க மருந்தடிச்சுத் திறந்துவிடுற தண்ணி நேரா என் குட்டைக்குத்தான் வருது. மருந்தடிச்ச தண்ணிய எத்தனை நாள் வயல்லயே கட்டி வச்சா விஷம் குறையும்?"

ஹுமைரா திரும்பினாள். இத்தனை காலம் அவள் கேட்டுக்கொள்ளாத கேள்வி.

"தெரியலைங்க" என்றாள். "பார்த்துத்தான் சொல்லணும்."

"அப்ப வந்து பாருங்க. எந்தெந்தத் தண்ணி வேணுமோ எடுத்துத் தர்றேன். மேல் வயல்காரங்கள ஒத்துக்க வைக்கிறது மட்டும்தான் கஷ்டம்."

"அவங்க எப்படி?"

"மட்டமான ஆளுங்க" என்றாள் செம்மொழி சாதாரணமாக. "ஆனா பேசித்தானே ஆகணும்."

கல்லூரியில் விசாரணை வந்தது. மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். ஹுமைரா எழுதிக் கொடுக்கவில்லை. மேடையில் இருந்த பால் குப்பியைப் பற்றி முதல்வரிடம் நேரில் சொன்னாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, ஆய்வகச் சாவியைத் திருப்பித் தரச் சொன்னார். சாரங்கபாணிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மாதிரி ஆட்களுக்கு எப்போதும் ஒன்றும் ஆவதில்லை. பச்சை பாட்டில்கள்தான் பாபநாசத்தில் விலைபோகவில்லை. நாகேஸ்வரன் லேபிளை மாற்றி, முடி வளர்ச்சிக்கு என்று வேறு ஊர்களுக்கு அனுப்புவதாகக் கேள்விப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடிக் குடுவைகளோடு செம்மொழியின் வயலுக்குப் போனாள். மேல் வயல்காரர் வரப்பில் நின்றபடி, வாயில் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னம்மா, தண்ணிய எடுத்து என்ன பண்ணப்போற?"

சுருக்கென்று ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தாள்.

"சொல்றேங்க" என்று சொல்லி, சேற்றில் இறங்கினாள்.