ஒரு இழைக்காகப் பட்டறையை நிறுத்துவதில்லை

"மாணவியின் தவறைக் கவனிக்காமல் வகுப்பைத் தொடர்ந்தார். தேர்ச்சி இல்லை." என் கற்பித்தல் தேர்வுத் தாளில் எங்கள் கல்லூரி ஆசிரியர் ஜெகதீஸ்வரன் சார் சிவப்பு மையில் எழுதியிருந்தார். இருபத்து நான்கு தறி ஓடும் பட்டறையில் பதினோரு வருடமாக மேஸ்திரியாக இருப்பவள் நான். ஆறாவது தறியில் இழை அறுந்தால் வாசலில் நின்றே சொல்லுவேன். எனக்குக் கவனமில்லையாம்! காகிதத்தை நாலாக மடித்துப் பையில் போட்டேன். ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு?

எங்கள் கல்லூரி எடப்பாடி ரோட்டில் இருக்கிறது. கீழ்த்தளத்தில் அறிவியல், நடுவில் தொழிலகத் தலைமை, சத்தம் போடுகிறோம் என்று உச்சியில் எங்களுடைய இசைக் கற்பித்தல். மூன்றுமே மூன்று வருடப் பட்டப்படிப்பு. வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனி, ஞாயிறில் வகுப்பு. கோயில் பஜனையில் பாடிப் பாடி எனக்குப் பாட்டு வந்தது. முப்பத்தைந்து வயதில் அதைச் சொல்லிக் கொடுக்கும் ஆசையும் வந்தது.

பட்டறை முதலாளி சின்னுசாமி சனிக்கிழமை லீவு கொடுக்க ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம். "மூணு வருசம். அதுக்கு மேல ஒரு சனிக்கிழமை கேட்டீன்னா வேற மேஸ்திரி பாத்துக்குவேன் தனப்பிரியா" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். கற்பித்தல் தேர்வில் இரண்டாவது தடவையும் தவறினால் இன்னொரு வருடம் படிக்க வேண்டும். அவர் சொன்னால் சொன்னதுதான். வேலையை விட்டுவிட்டு ஃபீஸ் கட்டிப் படிக்கிற வசதியெல்லாம் எனக்கு இல்லை. ஆக, இந்தத் தடவை விட்டால் படிப்பே போச்சு.

அவர் மகன் கவின் நடு மாடியில் தலைமைப் படிப்பு படித்தான். ப்ராஜெக்ட்டுக்கு வேறு ஆள் கிடைக்காத மாதிரி என்னைப் பிடித்துக்கொண்டு, ஒரு மாதம் நோட்டும் கையுமாகப் பட்டறையில் என் பின்னாலேயே சுற்றினான்.

"ஏனுங்கக்கா, ஒரு தறி நின்னா நீங்க ஒரு சத்தம்கூடப் போடறதில்லையே, ஏன்?"

"சத்தம் போட்டா அறுந்த இழை ஒட்டிக்குமா சாமி?"

அதையும் எழுதிக்கொண்டான். இதற்கெல்லாம் ஒரு பட்டம் தருகிறார்களா என்று எனக்குச் சிரிப்பு.

தேர்வு நாள் வந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு, முப்பது பிள்ளைகள். பின்வரிசை பெஞ்சில் ஜெகதீஸ்வரன் சாரும், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் உண்ணாமலை அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். சரளி வரிசையைப் பாடிக்கொண்டே ஆதி தாளம் போட வேண்டும். எட்டு அடி. ஒருவர் தாளம் தப்பினால் வகுப்பை நிறுத்து, திருத்து, முதலிலிருந்து தொடங்கு என்பது சார் சொல்லிக் கொடுத்த முறை. போன தடவை நான் நிறுத்தவில்லை. இந்தத் தடவை சத்தியமாக நிறுத்துவேன் என்று உறுதி எடுத்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தேன்.

நாலாவது சுற்றில் ஒரு தட்டு பின்னால் விழுந்தது. மூன்றாவது வரிசை, ஜன்னலோரம், தீபிகா என்ற குட்டி. கையை உயர்த்தி நிறுத்தினேன்.

"தீபிகா, ஒரு அடி பின்னால போறே கண்ணு. மறுபடியும் போடு பாக்கலாம்."

இருபத்தொன்பது தலைகள் ஒரே நேரத்தில் திரும்பின. ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். தீபிகா கையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள். முதலிலிருந்து தொடங்கினோம். அவள் வாயே திறக்கவில்லை. சார் தலையாட்டிக்கொண்டே பேப்பரில் டிக் போட்டார். முறைப்படி நான் பாஸ். அந்தப் பிள்ளை மட்டும் நின்றுபோய்விட்டது.

அட, போங்கப்பா நீங்களும் உங்கள் முறையும் என்று மனசுக்குள் ஒரு கோபம் வந்தது பாருங்கள், அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

முன்வரிசையைப் பார்த்து, ஓட்டுங்கள் என்று கையால் காட்டினேன். பாட்டு ஓடட்டும் என்று விட்டுவிட்டு ஜன்னலோரம் போய் தீபிகா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். என் தொடையில் மெதுவாகத் தாளம் போட்டேன். ஒரு சுற்று பார்த்தாள். இரண்டாவது சுற்றில் அவள் கையை எடுத்து என் கைமேல் வைத்துக்கொண்டேன். எட்டாவது அடி முடியும் இடத்துக்குக் காத்திருந்து, புதுச் சுற்றின் முதல் தட்டில் அவள் கையை விட்டேன். சரியாக விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. பிறகு வாயும் திறந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகு உண்ணாமலை அம்மா பேனாவை மூடி வைத்தார்.

"வகுப்பை விட்டுட்டு ரெண்டு நிமிஷம் கீழே உட்கார்ந்துட்டீங்களே, ஏன்?"

"ஒரு தறியில இழை அறுந்தா அந்த ஒரு தறியத்தானுங்க நிறுத்தோணும். பட்டறையவே நிறுத்துனா, மத்தவங்கெல்லாம் அறுந்த தறிக்காரியவே பாப்பாங்க. இழைய ரெண்டு நிமிசத்துல முடிச்சுப் போட்டரலாம். அந்தப் பார்வைய அவ ஊடு வரைக்கும் தூக்கிட்டுப் போவாளுங்க. மொதல்ல நான் நிறுத்துனதுதான் தப்பு. மார்க் குறைக்கறதுன்னா அதுக்குக் குறைச்சுக்கங்க."

சொல்லி முடித்த பிறகுதான் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று தோன்றியது. உண்ணாமலை அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நீங்க நகர்ந்து போனதை ஒரு பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்கல. முன்னால டீச்சர் இல்லாம இருபத்தொன்பது பிள்ளைங்க தாளம் தப்பாம பாடிட்டிருந்தாங்க. நான் பார்த்த வரைக்கும் பாஸான டீச்சர்கள் பலபேருக்கு இது நடக்காது."

ஜெகதீஸ்வரன் சார் முகம் கொஞ்சம் மாறியது. "போன தடவையும் இதத்தான் பண்ணுனீங்களா?"

"ஆமாங்க சார். அந்தப் பிள்ளை முன்வரிசைங்க, உங்களுக்கு என்ற முதுகுதான் தெரிஞ்சிருக்கும்."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க கேக்கலீங்களே."

சார் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான். கையெழுத்துப் போடும்போது பேனாவைக் கொஞ்சம் அழுத்திப் போட்டார்.

ரிசல்ட் வந்த வாரமே அதே பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியை வேலைக்குக் கூப்பிட்டார்கள். அடுத்த நாள் காலை ஷிப்டுக்கு முதலாளியிடம் போய் நின்றேன்.

"இனிமே எனக்குச் சனிக்கிழமை லீவு வேண்டாங்க."

"அப்பாடா" என்றார் சின்னுசாமி. "படிச்சு முடிச்சுட்டயா? சந்தோசம்."

"மத்த நாளெல்லாம்தானுங்க வேணும். பள்ளிக்கூடத்துல வேலை கொடுத்துட்டாங்க."

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. "பதினோரு வருசம் கழிச்சு இப்படித் திடீர்னு சொன்னா, உன்னாட்ட மேஸ்திரிக்கு நான் எங்க போவேன்?"

"உங்க பையன் இருக்காருங்களே. நான் தறி ஓட்டற விதத்தை அறுபது பக்கம் எழுதி, அதுக்குப் பட்டமும் வாங்கிட்டாரு. நாளையிலிருந்து அவரு பட்டறைய ஓட்டட்டுங்க."

ஓரத்தில் நின்றிருந்த கவின் முழித்த முழியைப் பார்க்க வேண்டுமே! உள்ளே ஏதோ ஒரு தறி நின்றது. மூன்று பேரும் கேட்டோம். நான் நகரவில்லை. கவின் என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், பிறகு சத்தம் போடாமல் அந்தத் தறிக்கு நடந்தான்.