தோள்பட்டைச் சுருக்கு

போலீஸ்காரர் சாலையின் குறுக்கே கயிறு கட்டி முடிப்பதற்குள் யாக்கூப் காரிலிருந்து இறங்கி அவரிடம் போய்விட்டார். கோட்டைவாசலைத் தாண்டிப் புளியரைக்கு இறங்கும் வளைவில் மலையிலிருந்து மண் சரிந்து ரோட்டை மூடியிருந்தது. வேரோடு வந்த ஒரு மரம் அதன்மேல் சாய்ந்து கிடந்தது.

நடந்தாவது அந்தப் பக்கம் போய்விடுகிறேன் என்று கேட்டார். மண் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது, ஆளை விட முடியாது என்றார் போலீஸ்காரர். மகன் மௌத்தாகிவிட்டான், தென்காசியில் அடக்கம் செய்ய எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று யாக்கூப் சொன்னார். போலீஸ்காரர் தன் குடையை நகர்த்தி அவர் தலைக்கு மேல் பிடித்தார். கயிற்றை மட்டும் அவிழ்க்கவில்லை.

உவைஸ் இறந்தது நேற்று, வெள்ளிக்கிழமை மாலை. சவூதியில், தம்மாமில் தையல் கடையில் இருந்த யாக்கூப், முதலாளியிடம் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, கிடைத்த விமானத்தில் ஏறித் திருவனந்தபுரத்தில் காலையில் வந்து இறங்கினார். மனைவியின் தம்பி மைதீன்பிச்சை தென்காசியிலிருந்து கார் அனுப்பியிருந்தார். மத்தியானம் லுஹர் தொழுகைக்குள் வீடு சேர்ந்துவிடலாம் என்று டிரைவர் சுடலைமுத்து சொல்லியிருந்தான். சரியாகத்தான் ஓட்டி வந்தான். மழை வேறு கணக்குப் போட்டிருந்தது.

பின்னால் வண்டிகள் சேர்ந்துகொண்டே இருந்தன. மலையாள லாரிகள், குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற வேன்கள். வேன் ஒன்றில் பாட்டு போட்டிருந்தார்கள். சுடலைமுத்து போய் ஏதோ சொல்ல, பாட்டு நின்றது.

யாக்கூப் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்தார். சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. வியாழக்கிழமை உவைஸ் அனுப்பிய குரல் செய்தி அப்படியே இருந்தது. அதைத் திறக்கவில்லை. ஏற்கனவே கேட்டதுதான்.

உவைஸுக்கு நான்கு வயதாகும்போது ஊரை விட்டுப் போனவர் அவர். லீவில் வந்தால் தகப்பனும் மகனும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பேச்சு வராது. போனிலும் சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு என்பதோடு சரி. சிறுநீரகம் கெட்டு அவன் டயாலிசிஸுக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் மாறியது. பக்கத்துப் படுக்கைக்காரர் ஒருவர் தன் வீட்டுச் சுவரில் இருந்த படத்தைக் காட்டி, இது யாரென்றே தெரியவில்லை என்றாராம். உவைஸ் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, அதில் இருந்தவர்களின் உடுப்பை வைத்து ஏறக்குறைய எந்தக் காலம் என்று சொல்லிவிட்டான். அதிலிருந்து பித்துப் பிடித்துக்கொண்டது. கண்டவர்களும் அவனுக்குப் படம் அனுப்பத் தொடங்கினார்கள். கழுத்தை மூடிய காலரும், மணிக்கட்டு வரைக்கும் கையும், ஓரத்தில் லேசும் வைத்த ரவிக்கை என்றால் நூறு வருடத்துக்கும் முந்தையது. கை குட்டையாகித் தோளில் சுருக்கு இழுத்து பஃப் வைத்து உப்பியிருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிறகு வந்தது. ஆம்பிளைகளுக்குக் கோட்டின் காலரைப் பார்ப்பான், தொப்பியைப் பார்ப்பான். ஊசி போட்ட கையை நீட்டி வைத்துக்கொண்டு, மற்றக் கையில் போனைப் பிடித்தபடி மணிக்கணக்காகப் பார்ப்பான்.

பழைய படங்கள் மங்கலானவை. ஒரு கோடு தெரியும். அது துணியின் மடிப்பா, தையலா என்று அவனால் சொல்ல முடியாது. ஒருநாள் தம்மாமுக்குப் படத்தை அனுப்பி, “வாப்பா, இது மடிப்பா தையலா, பாத்துச் சொல்லுங்க” என்று கேட்டான்.

யாக்கூப் அதை மெஷின் விளக்கின் கீழே வைத்துப் பார்த்தார். தையல்தான் என்றார். ஏன் தையல் என்று அவன் கேட்டான். அன்று வெகுநேரம் பேசினார்கள். அதன்பிறகு அவன் படம் அனுப்பாத வாரம் இல்லை. எப்படி வெட்டியது, எப்படித் தைத்தது என்று இவர் சொல்வார். எந்தக் காலம் என்று அவன் சொல்வான்.

வியாழக்கிழமை வந்த படம் சுந்தரபாண்டியபுரத்து ஆனந்தவள்ளி டீச்சருடையது. நாற்காலியில் ஒரு கல்யாணப்பெண். அது தன்னைப் பெற்ற அம்மாவா, அம்மாவைப் பெற்றவளா என்று டீச்சருக்குத் தெரிய வேண்டும். டீச்சர் கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் இறந்துவிட்டாள். வேறு படம் கிடையாது. பெண்ணின் இரண்டு கைகளையும் சால்வை மூடியிருந்தது. ஒரு தோள் மட்டும் வெளியே தெரிந்தது. அந்தத் தோளில் சுருக்கு வைத்துத் தைத்திருக்கிறதா என்று உவைஸ் கேட்டிருந்தான். கடையில் கல்யாண ஆர்டர் இருந்தது. வெள்ளிக்கிழமை லீவில் நிதானமாகப் பார்க்கலாம் என்று யாக்கூப் வைத்துவிட்டார். பார்க்க உட்காரும் முன்பே மௌத்துச் செய்தி வந்துவிட்டது.

போன் அடித்தது. மைதீன்பிச்சை.

“மச்சான், குளுப்பாட்டி கபன் துணி போட்டாச்சு. இனி வைக்க முடியாது மச்சான். ஒடம்புல தண்ணி வடியுது. ஐஸ் பெட்டில வச்சும் கேக்க மாட்டேங்குது. நீங்க சொல்லாம எடுக்க மாட்டோம்.”

யாக்கூப் கண்ணாடி வழியே பார்த்தார். மண்ணை அள்ளுகிற இயந்திரம் இன்னும் வந்து சேரவில்லை. மனைவி ஜாஹிராவிடம் போனைக் கொடுக்கச் சொன்னார்.

“வருதீகளா?” என்றாள் ஜாஹிரா. அழுது தீர்ந்த குரல்.

“ரோடு அடச்சுக் கெடக்கு.”

அவளுக்குப் பின்னால் யாரோ யாஸீன் ஓதுவது கேட்டது.

“மொகத்தயாவது பாத்துக்கிடுங்க. காட்டச் சொல்லுதேன்” என்றாள்.

மைதீன்பிச்சை வீடியோவில் வந்தார். அவர் தாடி தெரிந்தது, வீட்டு உத்தரம் தெரிந்தது, பிறகு படம் கீழே இறங்கி ஒரு வெள்ளையில் நின்றுவிட்டது. அதன் நடுவே சிறுசிறு கட்டங்களாக ஏதோ ஒரு நிறம். யாக்கூப் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். காரை விட்டு இறங்கித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். மழைத்துளி விழுந்த திரையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பார்த்தார். அதே வெள்ளைதான்.

“தெரியுதா?” என்று ஜாஹிராவின் குரல் மட்டும் வந்தது.

“தெரியுது” என்றார்.

“அப்படியே தூங்குத மாதிரி இருக்கான், இல்லியா?”

“ஆமா.”

பிறகு, “எடுத்துரச் சொல்லு” என்றார்.

ஜனாஸா தொழுகை நடந்திருக்கும் நேரத்தை உத்தேசித்து, கிப்லா இருக்கும் மேற்கே, வந்த திசையைப் பார்த்து ரோட்டோரமாக நின்று அவரும் தொழுதார். எல்லாம் நின்றபடியே தொழும் தொழுகை. சட்டென்று முடிந்துவிட்டது. முடித்துத் திரும்பியபோது சுடலைமுத்து செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றிருந்தான்.

வழி திறந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. செங்கோட்டை தாண்டி, இலஞ்சிப் பக்கம் வண்டிகள் நகரவில்லை என்று சுடலைமுத்து குற்றாலம் வழியாகத் திருப்பினான். அங்கே அதைவிடக் கூட்டம். ஈரத்துண்டோடு ஆம்பிளைகள் ரோட்டை அடைத்து நடந்தார்கள். நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கிற வாசனை வந்தது. தலை துவட்டாத ஒரு பெண்குழந்தை காரின் முன்கண்ணாடியில் கையை வைத்துவிட்டு ஓடியது. சுடலைமுத்து ஹாரன் அடிக்கக் கையைக் கொண்டுபோனான்.

“அடிக்காதப்பா” என்றார் யாக்கூப். “இனி என்ன அவசரம்.”

கார் ஊர்ந்தது. செய்ய வேறொன்றும் இல்லாததால் அவர் போனை எடுத்து அந்தக் கல்யாணப்பெண்ணைப் பெரிதாக்கினார். தோளைப் பார்த்தார். கழுத்தோரத்திலிருந்து கை சேருகிற இடம் வரைக்கும் விரலால் நகர்த்திக்கொண்டே போனார். சேர்மானத்தில் நிழல் ஒரே கோடாக விழவில்லை. துண்டு துண்டாக, பல்வரிசை போல விழுந்திருந்தது. துணியை நூலில் கோத்து இழுத்தால்தான் அப்படி விழும்.

“சுருக்கு இருக்கு” என்றார்.

“என்ன அண்ணாச்சி?” சுடலைமுத்து திரும்பிப் பார்த்தான்.

“ஒண்ணுமில்லப்பா.”

சுருக்கு இருக்கிறது. இருந்தால் அது எந்தக் காலம்? நீளக்கைக்கும் அப்படித் தோளில் சுருக்கு வைத்த காலம் ஒன்று உண்டு என்று உவைஸ் ஒருமுறை சொல்லியிருந்தான். எதையெல்லாம் சேர்த்துப் பார்த்து அவன் முடிவு சொல்வான் என்று இவர் கேட்டுவைத்துக்கொண்டதில்லை. நாற்காலியையும் பார்ப்பான், பின்னால் தொங்கும் திரையையும் பார்ப்பான். அந்தப் பெண் தன் தாய்தானா என்று டீச்சர் ஊரில் காத்துக்கொண்டிருப்பாள். அவளுக்குச் சொல்ல இவரிடம் பாதிதான் இருந்தது. போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். கூட்டம் கரையும் வரைக்கும் கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை.

தென்காசிக்குள் நுழைந்ததும் வீட்டுக்கு வேண்டாம், நேராக அடக்கிய மையத்தாங்கொல்லைக்குப் போ என்றார். மழை மறுபடி வலுத்திருந்தது. அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். உள்ளே, வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், புதிதாக இரண்டு கபர்கள் அடுத்தடுத்து இருந்தன. இரண்டிலும் சிவப்பு மண். இரண்டின் தலைமாட்டிலும் ஒரே மரத்தில் ஒடித்த இலைக்கொப்பு.

காவல்காரரின் வீட்டு வாசலில் அவர் மனைவி நின்றாள். இரண்டில் எது யாருடையது என்று அவளிடம் கேட்டார்.

“காலைல ஒரு பெரியவர அடக்குனாங்க. மத்தியானம் போல ஒரு பையன. எது எதுன்னு எங்க வீட்டுக்காரவுகளுக்குத்தான் தெரியும். கடைத்தெரு வரைக்கும் போயிருக்காக” என்றாள். “நீங்க யாரு?”

அவர் கபர்கள் பக்கம் திரும்பி நடந்தார். மைதீன்பிச்சையைப் போனில் கூப்பிட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். போனைக் கையில் எடுக்கவும் செய்தார். என் மகன் எதில் இருக்கிறான் என்று கேட்க வாய் வரவில்லை.

இரண்டுக்கும் நடுவே நின்று துஆ ஓதினார். முடித்துவிட்டுப் பார்த்தபோது வலப்பக்கத்துக் கபரின் ஓரத்தில் மழை மண்ணை அரித்துக்கொண்டு போனது தெரிந்தது. முட்டி வலியோடு குனிந்து உட்கார்ந்து, வழிந்த மண்ணை இரண்டு கையாலும் அள்ளி மேலே சேர்த்து, உள்ளங்கையால் தட்டித் தட்டி அமர்த்தினார். கால்மாட்டிலிருந்து தலைமாடு வரைக்கும் அப்படிச் செய்தார். சாய்ந்திருந்த கொப்பை நிமிர்த்தி ஊன்றினார்.

பிறகு எழுந்திருக்காமல், உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து, அடுத்ததன் ஓரத்துக்குப் போய் அங்கேயும் மண்ணைச் சேர்க்க ஆரம்பித்தார்.