எமன் நடந்த தெரு

தவசி எப்போதும் எமன் வேஷம்தான் கட்டுவான். புருஷனின் உயிருக்காக எமனோடு வாதாடி ஜெயிக்கும் பெண்ணைப் பற்றிய பழைய நாடகம் அது. மதுரையிலிருந்து ஆறு பேர், ஒரு ஆர்மோனியமும் இரண்டு தகரப் பெட்டிகளுமாகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், நாடகக் கொட்டகையைப் பார்த்தே இராத பிள்ளைகளுக்குப் பகலில் நடித்துக் காட்டினார்கள். 1934 பங்குனியில் சோழவந்தானுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் ஆடினார்கள். அங்கே மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியராக இருந்த ஞானமுத்துதான் அவர்களை அழைத்திருந்தார்.

பாசக்கயிற்றோடு தவசி வந்து நின்றதும் பிள்ளைகள் அலறின. முன்வரிசையில் ஒரு சிறுமி மட்டும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டத்தின் போக்கில் தவசி கயிற்றை அவள் பக்கமாக ஒரு சுழற்றுச் சுழற்றினான். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் விடியும்போது அவள் வாந்திபேதியில் செத்துப்போயிருந்தாள். மத்தியானத்துக்குள் அவள் தெருவில் இன்னும் நாலு வீடுகளில் ஆட்கள் படுத்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்திலேயே தங்கியிருந்த நாடகக்காரர்கள் அவசர அவசரமாகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, இருபது முப்பது பேர் வந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை.  முன்னால் நின்ற உக்கிரபாண்டி, செத்துப்போன சிறுமியின் சித்தப்பன்.

"எமன் கட்டுனது யாரு?"

 கூட நடிக்கிற ஐந்து பேரும் தவசியை விட்டு ஓரடி நகர்ந்துகொண்டார்கள்.

"அண்ணே, நான் வெறும் வேஷக்காரன்" என்றான் தவசி. 

"ஒன்னைய அடிக்க வரல. நீ வேஷத்தோட வந்த, வேஷத்தோட போகல. மூஞ்சியக் கழுவிட்டு இங்கனயே படுத்துட்ட. எமன் ஊருக்குள்ளயே நிக்கிறான். மறுபடி கட்டு. வீட்டுக்கு வீடு வாசல்ல நின்னு, போறேன்னு சொல்லிட்டுப் போ."

ஞானமுத்து குறுக்கே வந்தார். "உக்கிரபாண்டி, காலையிலருந்து தலைபாடா அடிச்சுக்கிறேன். சீக்கு ஊருணித் தண்ணியில இருக்குப்பா."

"இந்த ஆளைக் கூட்டியாந்தது நீங்கதான வாத்தியாரய்யா?"

ஞானமுத்து வழியை விட்டு ஒதுங்கிக்கொண்டார்.

தவசி அரிதாரம் பூசினான். அவசரத்தில் மீசை கோணிக்கொண்டது. கூட்டத்தைவிட அந்தத் தெருதான் அவனைப் பயமுறுத்தியது. அவனுடைய அண்ணன் இதே நோயில், ஒரே பகலில் வற்றி ஒடுங்கிச் செத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் அவன்.

முதல் வீட்டு வாசலில் நின்று "போறேன்" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. இரண்டாம் வீட்டில் உள்ளிருந்து வந்த வாடைக்கு மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னான். பின்னால் கூட்டம் ஓசையில்லாமல் வந்துகொண்டிருந்தது.

மூன்றாவது ஒச்சாயி என்பவளின் வீடு. அவள் வாசலில் மகனை மடியில் கிடத்தி, செம்பிலிருந்து அவன் வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். எமனைக் கண்டதும் மகனைக் கீழே கிடத்திவிட்டு வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

"என்னைய எடுத்துக்க சாமி. அவன விட்டுரு."

நாடகத்தில் இந்த இடத்தில் எமன் இடிபோலச் சிரிக்க வேண்டும். தவசி சிரிக்கவில்லை. மகன் பக்கத்தில் இருந்த செம்பைப் பார்த்தான். தண்ணீர் கலங்கலாக இருந்தது.

"எங்கெடுத்த தண்ணி இது?" குரல் அவனை அறியாமலே எமனின் குரலாகப் புறப்பட்டது.

"ஊருணியில."

"நான் அங்கதான் இருக்கேன்."

கூட்டம் அசையாமல் நின்றது. சொன்ன பிறகுதான் தவசிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சாமி பெயரில் பொய் சொல்கிறான் என்று ஒருவன் கத்தினால் போதும், அங்கேயே அவன் கதை முடிந்துவிடும். ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

"அந்த ஊருணிக்குள்ளதான் உக்காந்திருக்கேன். அதுல ஒரு செம்பு மொண்டாலும் கூடவே வீட்டுக்கு வருவேன். ஆத்துல ஊத்துத் தோண்டி, கொதிக்க வச்சுக் குடிக்கிற வீட்டுக்குள்ள எனக்கு வழியில்ல."

உக்கிரபாண்டி அருகில் வந்து அவன் முகத்தையே பார்த்தான். வியர்வையில் அரிதாரம் வழிந்து தவசியின் கண் எரிந்தது. துடைக்கத் துணியவில்லை. கடைசியில் உக்கிரபாண்டி திரும்பி, "முள்ளு வெட்டி ஊருணியச் சுத்தி அடைங்கப்பா" என்றான்.

மிச்ச வீடுகளிலும் தவசி அதையே சொன்னான். ஊர் எல்லையில் அவனிடம், திரும்பிப் பார்க்கக் கூடாது என்றார்கள். வேஷத்தோடு சோழவந்தான் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தான். வழியில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அவனுக்கு முன்னே ஸ்டேஷனுக்குப் போய்விட்ட மற்ற ஐவரும் ரயிலில் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார்கள்.

மதுரை வில்லாபுரத்தில் அவன் தன் வீட்டுக்குள் போகவில்லை. பின்னாலிருந்த மாட்டுக்கொட்டகையில் படுத்துக்கொண்டு, மனைவி தங்கப்பொண்ணைக் கிட்டே வரவேண்டாம் என்றான். வயிறு லேசாகப் புரண்டாலும் உடம்பு சில்லிட்டுப்போகும். தூக்கத்தில் யாரோ காலைக் கட்டிக்கொள்வதுபோல் இருக்கும், உதறிக்கொண்டு எழுவான்.

ஒன்பதாம் நாள் ஞானமுத்துவின் கடிதம் வந்தது. ஊருணியை அடைத்த பிறகு மூன்றே பேர்தான் புதிதாகப் படுத்தார்கள். ஒச்சாயியின் மகன் எழுந்து கஞ்சி குடிக்கிறான். முள் வெட்டி அடைத்த அன்று இரவே உக்கிரபாண்டிக்கும் நோய் கண்டு, மறுநாள் அவன் செத்துப்போனான்.

 எட்ட நின்ற தங்கப்பொண்ணு, "என்ன எழுதியிருக்கு?" என்றாள். வாசித்துக் காட்டினான்.

"ஒம்பது நாளாச்சு, ஒங்களுக்கு ஒண்ணுமில்ல. எந்திரிச்சு உள்ள வாங்க" என்று கையை நீட்டினாள். அவன் அந்தக் கையைப் பிடிக்கச் சற்று நேரம் ஆயிற்று.