எலியோடு எடை

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. கால்நடை மருத்துவரின் காத்திருப்பு அறையில் ஒட்டுக்கேட்டது. என் பூனைக்குக் காதில் சொறி. எதிர் நாற்காலியில் ஒரு பெண் பூப்போட்ட தலையணை உறையை மடியில் வைத்திருந்தாள். முடிச்சுப் போட்ட அந்த உறை தானாக நகர்ந்தது. நான் நாற்காலியோடு பின்னால் போனேன்.

"பயப்படாதீங்க. உங்களைவிட இவதான் பயந்துபோயிருக்கா" என்றாள்.

(அப்போதே அவள்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. கதை நெடுக அதை மறைக்கப்போவதில்லை.)

2

இந்தக் கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்: பாம்பு என்றதும் எல்லோரும் சொல்கிற அந்தப் பழமொழி. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "அவள் விரல்கள் அந்தக் குளிர்ந்த மர்மத்தை மெல்ல..." சீ! மர்மமாவது மண்ணாவது.

மூன்றாவது: அவள் தையல்காரி.

இது நிற்கும். உயிருள்ள உடம்பை அளப்பதுதான் அவள் பிழைப்பு. உறைக்குள் இருந்தது பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சின்ன மலைப்பாம்பு, வீட்டில் வளர்ப்பது. செல்லப் பெயர் அம்மணி. அம்மணி வந்த நாளிலிருந்து தையல்காரி ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். சனிக்கிழமை எலி கொடுக்கும் நாள். அதனால் வெள்ளிக்கிழமை, வயிறு காலியாக இருக்கும்போது, சமையலறைத் தராசில் எடை. மாதம் ஒருமுறை நீளம்: சுவரோரமாக ஊரும் அம்மணியின் முதுகோடு நூலைப் பிடித்து, பிறகு நூலை டேப்பில் வைத்துப் பார்ப்பாள். உறைகூட அவளே தைத்தது. செதிளில் மாட்டாதபடி பிசிரெல்லாம் வெளிப்பக்கம். இரண்டரை வருடத்தில் ஒரு வாரம்கூட விட்டதில்லை. நான் எந்த நாட்குறிப்பிலும் மூன்றாம் நாளைத் தாண்டியதில்லை.*

* இதெல்லாம் அங்கேயே கேட்டதா என்றால், பாதி கேட்டது, பாதி இட்டுக்கட்டியது. எது எது என்று சொல்லமாட்டேன்.

3

ஒருமுறை தையல்காரி, தன் தம்பியின் சிநேகிதன் வீட்டில், பாம்பு முட்டையின் தோலைக் கீறிக்கொண்டு ஒரு குட்டியூண்டு மூக்கு வெளியே வந்ததைப் பார்த்தாள். அன்றிலிருந்து பித்து. தன் வீட்டில், தன் கண்ணெதிரே, அம்மணியின் முட்டையிலிருந்து அப்படி ஒரு மூக்கு வர வேண்டும். ஆண் பாம்பு அந்தச் சிநேகிதனிடம் இருக்கிறது. அவனோ மாதக் கடைசியில் வேறு நாட்டுக்குக் குடிபோகிறான். இந்த வாரம் சேர்த்தால் உண்டு.

ஆனால் அம்மணி பருவத்துக்கு வந்திருக்க வேண்டும். வராத பெண் பாம்பைச் சேர்த்தால் முட்டை உள்ளேயே அடைத்துக்கொண்டு உயிரே போகலாம். "ஆயிரத்து ஐநூறு கிராம் தொட்டதும் கூட்டிட்டு வாங்க, பார்க்கலாம்" என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார்.

நோட்டின் கடைசி வரி: 1,520.

4

அன்று திங்கட்கிழமை. அவள் உள்ளே போனாள். மருத்துவர் அறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை. (எழுதுகிறவனுக்குக் கடவுள் இப்படித்தான் உதவுவார்.)

"ஆண் ரெடியா இருக்கான் டாக்டர்."

"ஆண் எப்பவும் சீக்கிரம் ரெடியாயிடுவான். முட்டை சுமக்கிறது அவன் இல்லையே! இவளுக்கு வயசு, நீளம், எடை மூணும் சேர்ந்து வரணும். வயித்துக்குள்ள கருமுட்டையும் வளர ஆரம்பிச்சிருக்கணும்." நோட்டு புரளும் சத்தம். "போன வாரம் ஆயிரத்து நானூத்தி அஞ்சு. இந்த வாரம் ஆயிரத்து ஐநூத்தி இருபதா? எப்போ சாப்பிட்டா?"

இந்த இடத்தில் நான் ஒரு திருட்டு வேலை செய்தேன். தம்பி அவசரப்பட்டு, அக்காவுக்குத் தெரியாமல், எலி கொடுத்த பிறகு எடை போட்டுவிட்டான் என்று எழுதினேன். பழியை அவன் தலையில் கட்டினால் தையல்காரி பளிச்சென்று இருப்பாளே! இரண்டு பக்கம் போனது. ஒட்டவே இல்லை. அந்தத் தம்பி பாவம், வாசலில் வண்டிமேல் உட்கார்ந்து அவன்பாட்டுக்கு போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

நடந்தது இதுதான்.

"சனிக்கிழமை சாப்பிட்டா. ஞாயித்துக்கிழமை எடை போட்டேன்."

"எப்பவும் அப்படியா?"

"இல்ல டாக்டர். இந்த ஒரு வாரம்தான். எலியையும் சேர்த்து எடை போட்டுட்டேன். தெரிஞ்சும் தெரியாத மாதிரி. இருபது வருஷமா ஒருத்தருக்கும் டேப்பைத் தளர்த்திப் பிடிச்சதில்ல. இவளுக்குப் பிடிச்சுட்டேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. ஸ்கேன் எடுத்தார். உள்ளே கருமுட்டையெல்லாம் கடுகளவுதான் இருக்கிறது, இன்னும் ஒரு வருடமாவது போகட்டும் என்றார்.

அவள் வெளியே வந்து வாசலுக்குக் குரல் கொடுத்தாள். "டேய், உன் சிநேகிதன்கிட்ட சொல்லிடு. ஆண் வேண்டாம்."

"அக்கா, அவன் போனா போனதுதான். திரும்பி வரமாட்டான்."

"போகட்டும்டா. இவ இருக்கணும்."

சொல்லிவிட்டு என் எதிரே உட்கார்ந்து, உறையை அணைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு எழுந்து நின்று கும்பிட வேண்டும்போல இருந்தது. பூனை மடியில் இருந்ததால் முடியவில்லை.

5

முடிவுகள்.

(அ) அடுத்த வருடம் வேறொரு ஆண் கிடைக்கிறது. ஆறு முட்டை, ஆறு மூக்கு. பத்திரிகை ஆசிரியருக்கு இதுதான் பிடித்திருக்கிறது. (எனக்கும்தான்.)

(ஆ) ஆண் கிடைக்கவே இல்லை. அம்மணி பல வருடம் நிம்மதியாக எலி தின்கிறாள்.

(இ) தையல்காரி ஒருநாள்...

ஊகூம். எதை வைத்தாலும் எலியை விழுங்கவிட்டு எடை போட்ட கதையாகிவிடும்.

6

கிளம்பும் முன் அவள் என்னிடம் பேனா கேட்டாள். நோட்டைத் திறந்து 1,520-ஐ ஒரே ஒரு கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் "எலியோடு" என்று எழுதினாள்.

"பக்கத்தைக் கிழிச்சிடலாமே" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

"அடிச்சது தெரியணும்ல" என்றாள்.

நான் அடித்த வரிகளெல்லாம் இந்தக் கதையில் அப்படியே கிடப்பது அதனால்தான்.

அடித்த எண்ணுக்குக் கீழே அவள், வருகிற வெள்ளிக்கிழமையின் தேதியை எழுதி, எடைக் கட்டத்தை வெறுமனே விட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பேனாவில்தான் இவ்வளவையும் எழுதினேன். இனி உங்கள் கையில். கட்டம் காலியாக இருக்கிறது, நிரப்புங்கள். ஆனால் வெள்ளிக்கிழமை வரட்டும். அம்மணியின் வயிறும் காலியாக இருக்கட்டும்.