கைக்குட்டையின் மறுமுனை

பெந்தெகொஸ்தே ஞாயிறன்று காலைப் பூசை முடிந்ததும் சாமியார் ஆட்டத்துக்கு வரிசை பிரிக்கத் தொடங்கினார். சவரியாயி மகளின் முழங்கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். வரிசைக்கு ஐந்து பேர். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கைக்குட்டை, ஆளுக்கொரு முனை. ரப்பர் தோட்டத்துக் கோயிலிலிருந்து புறப்பட்டு, ஆபீசைத் தாண்டி, போர்டிக்சன் சாலை முனையிலிருக்கும் சிலுவை வரை குதித்துக் குதித்தே போகவேண்டும். சீமையில் சாமியாருடைய சொந்த ஊரில் பல நூறு வருஷமாக நடக்கிற நேர்ச்சையாம். வலிப்பு நோயாளிகளுக்காக ஆடுவார்களாம். நோய் உள்ளவர், இல்லாதவர் எல்லோரும் கலந்துதான் ஆடுவார்கள், யாருக்காக ஆடுகிறாய் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை என்று மூன்று வாரமாகப் பிரசங்கத்தில் சொல்லி வந்தார்.

வலிப்பு என்ற சொல் அவர் வாயில் வந்த நாளிலிருந்து சவரியாயிக்குச் சோறு இறங்கவில்லை. மகள் ஞானப்பூவுக்கு அது பத்து வயதில் வந்தது. இப்போது பதினெட்டு. மாதம் ஒருமுறை, சில மாதம் இரண்டு முறை. கூலிகள் குடியிருந்த லயத்தில் அடுத்த அறை ராக்கம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. ரப்பர் விலை விழுந்து, துரை ஆள் குறைத்துக்கொண்டிருந்த சமயம் அது. கடல் தாண்டி ஊருக்கே திருப்பி அனுப்பும் அடுத்த கப்பலுக்கு ஆள் எழுதும்போது, உடம்புக்கு முடியாதவர்கள் பெயரைத்தான் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி முதலில் எழுதினார். புருஷனைப் பறிகொடுத்த சவரியாயிக்கு ஊரில் போய் இறங்க ஒரு குடிசைகூட இல்லை. இதற்கு நடுவில் கெமாஸிலிருந்து சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை இராஜமாணிக்கத்துக்கு ரயில்பாதையில் வேலை. பெண்ணைத் திருவிழாவிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்று அவனும் அவன் தாய் அந்தோணியம்மாளும் நேற்றே வந்துவிட்டார்கள்.

காய்ச்சல் என்று சொல்லி அறையில் படுத்துக்கொள்ளும்படி மகளை விடியற்காலையில் கெஞ்சிப் பார்த்தாள். ஞானப்பூ தலை வாரியபடியே கேட்டாள்.

"என்னைய மாதிரி ஆளுங்களுக்காக ஆடுற ஆட்டம்மா. நானே ஆடாம யாரு ஆடுறது?"

சவரியாயியும் மகளோடு கிளம்பினாள். பக்கத்தில் நின்றுகொண்டால் எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள். ஆனால் அந்தோணியம்மாள் தானாகவே வந்து, இந்தப் பிள்ளை பக்கத்தில் நான் நிற்கிறேன் என்று கைக்குட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். சாமியார் சவரியாயியைப் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டார்.

மேளம் முழங்கியது. இடது காலில் ஒரு குதி, வலது காலில் ஒரு குதி. முன்னே ஆண்கள் வரிசைகள், பின்னே பெண்கள். செம்மண் புழுதி முழங்கால் வரை எழும்பியது. சவரியாயியின் வாய் செபம் சொன்னதே தவிர, கண் மகளின் கையை விட்டு அகலவில்லை. வலிப்பு வருவதற்கு முன்னால் அந்த விரல்கள் எதையோ கிள்ளுவதுபோல மடங்கும். ஆபீஸ் வாசலில் கிராணி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். இதைத் தாண்டிவிட்டால் போதும் மாதாவே என்று அவள் வேண்டிய அதே நேரம் அந்த விரல்கள் மடங்கின.

ஞானப்பூ சாய்ந்தபடியே விழுந்தாள். சவரியாயி பாய்ந்துபோய் மகளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் தன் மடியைக் கொடுத்தாள். வெயிலில் வந்த மயக்கம் என்று சொல்ல நாக்கு தயாராகவே இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அந்தோணியம்மாள் கைக்குட்டையை இன்னும் விடாமல் குனிந்து நின்றாள்.

"மயக்கமில்லக்கா," என்றாள் சவரியாயி. "வலிப்பு. பத்து வயசுலேருந்து இருக்கு."

முன்வரிசையில் அந்தோணியம்மாளின் மகன் திரும்பிப் பார்த்துக்கொண்டே, ஆட்டத்தை நிறுத்தாமல் போனான். ஆபீஸ் பக்கமிருந்து கிராணியின் குரல் வந்தது, யார் விழுந்தது என்று.

அந்தோணியம்மாள் கக்கத்தில் இடுக்கியிருந்த கறுப்புக் குடையை எடுத்து விரித்தாள். வெயில் கிழக்கே இருந்தது. அவள் குடையை மேற்கே, ஆபீசுக்கு எதிராகச் சாய்த்துப் பிடித்தாள்.

"பொடவை தடுக்கிருச்சிங்கய்யா," என்று திரும்பாமலே சொன்னாள்.

பின்னால் வந்த வரிசைகள் இரண்டாகப் பிரிந்து, குடைக்கு இப்பக்கமும் அப்பக்கமும் குதித்துக் கடந்தன. புழுதி மூவர் மேலும் படிந்தது. குடைக்காம்பைப் பிடித்திருந்த அந்தோணியம்மாள் மறுகையில் கைக்குட்டையின் முனையை அப்போதும் விடவில்லை.