ஒரே திராட்சை, மூன்று கிளாஸ்

விடிந்தால் அனோஜினிக்கு வைன் பரீட்சை. நார்த்மீட் வீட்டுக் குசினி மேசையில் அவளுக்கு முன்னால் மூன்று கிளாஸ்கள். பரோலோ, பார்பரெஸ்கோ, லாங்கே நெபியோலோ என, இத்தாலியின் பீட்மொன்ட் பகுதியில் ஒரே வகைத் திராட்சையில் செய்த சிவப்பு வைன்கள். எதில் எதை ஊற்றினான் என்பது அவள் கணவன் நொயலுக்கு மட்டும்தான் தெரியும். அவள் ருசித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் கிளாஸில் ரோஜா வாசனை எழுந்தது. வாயில் வைத்ததும் கடும் சாயத் தேநீரைப்போல நாக்கைப் பிடித்தது.

"பரோலோ!"

இரண்டாவது இலேசாக இறங்கியது. "இது லாங்கே."

மூன்றாவதை ருசித்தவள் திகைத்துப்போனாள். மறுபடி முதலாவதை எடுத்து ருசித்தாள்.

"இஞ்சருங்கோ, முதலாவதும் இதுவும் ஒண்டுதான்!"

"உமக்கென்ன விசரே? மூண்டு போத்திலிலயும் இருந்து நான்தானே ஊத்தினனான்."

ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்தது. இன்னொரு தடவை ருசித்தாள். அதே ரோஜா, அதே பிடி.

"ரெண்டும் பரோலோதான். போய்ப் பாருங்கோ!"

நொயல் சிரித்துக்கொண்டே போத்தில்களை மூடியிருந்த துவாயை விலக்கினான். சிரிப்பு அப்படியே நின்றது. பார்பரெஸ்கோவின் தக்கை இன்னும் கழற்றப்படவேயில்லை.

"ஐயோ அனோ! பரோலோவையே ரெண்டு தரம் ஊத்திப்போட்டன்!"

அனோஜினி துள்ளியெழுந்து அவனைக் கட்டிக்கொண்டாள். பரீட்சைப் பயம் போன இடம் தெரியவில்லை.

"கெதியா அதையும் திறவுங்கோ," என்றாள். "அது எப்பிடி இருக்கெண்டு இப்பவே பாக்கவேணும்!"